அகமதாபாத்தில் ஒரு சொந்த மண் ஆட்டம்

எங்கள் அணியின் மைதானம் சென்ட்ரலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு பெரியமேட்டுப் பக்கம் திரும்பினால் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கின் உயரமான விளக்குக் கம்பங்கள் தெரியும். 2019 மார்ச் 11, திங்கட்கிழமை காலை, அந்தக் கம்பங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் என் அக்கா மகனும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். புதன்கிழமை இரவு சென்னையின் எஃப்.சி. சொந்த மண்ணில் ஆடப்போகிறது. அந்தச் சொந்த மண் 1800 கிலோமீட்டருக்கு அப்பால், அகமதாபாத்தில் இருந்தது.

ஏ.எஃப்.சி. கோப்பை என்பது அப்போது ஆசியக் கிளப் அணிகளுக்கான இரண்டாம் அடுக்குப் போட்டி. முந்தைய ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியன் என்ற தகுதியில் எங்களுக்கு அதில் இடம் கிடைத்திருந்தது. நேராகக் குழுச் சுற்றுக்குள் அல்ல. அதன் வாசலில் ஒரு தகுதி ஆட்டம், இரண்டு லெக்: அவர்கள் மண்ணில் ஒன்று, எங்கள் மண்ணில் ஒன்று. எதிரில் கொழும்பு எஃப்.சி. மார்ச் 6ஆம் தேதி கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த முதல் லெக்கில் இரு பக்கமும் கோல் இல்லை. இரண்டாவது லெக்கை நடத்தச் சென்னையில் திடல் அமையவில்லை. கோப்பைக்கான எங்கள் சொந்த மண் ஆட்டங்கள் எல்லாம் குஜராத்துக்குப் போயின.

சொந்த மண்ணைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பது எங்களுக்கு முதல்முறை இல்லை. 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் சென்னை ஆட்டம் புனேவில் நடந்தது. 3-0 என்று ஜெயித்தோம். அன்று பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்க, நாங்கள் மாடி வீட்டுக்காரர் ஒருவரின் அறையில் பதினைந்து பேர் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். புனேவுக்குப் போக யாராலும் முடியவில்லை. அது எனக்குள் ஒரு கடன்போல இருந்துகொண்டே இருந்தது. இந்த முறை வெள்ளம் இல்லை, ரயில் ஓடுகிறது, லீவும் இருக்கிறது. போகாமல் இருந்தால் எப்படி?

“மாமா, நீங்க வரலேன்னாலும் நான் போறேன்” என்று அக்கா மகன் சொன்னபோது என் டிக்கெட்டை ஏற்கெனவே போட்டிருந்தேன். அவனுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். சென்னையின் எஃப்.சி. தொடங்கிய 2014இல் அவன் பள்ளிக்கூடப் பையன். என் பக்கம் கதை இன்னும் பழையது. நேரு விளையாட்டரங்கம் கட்டி முடிந்து 1993இல் அங்கே நேரு கோப்பை நடந்தபோது, நங்கநல்லூரிலிருந்து மின்சார ரயிலேறிப் பார்க்கப் போனவன் நான். அதன்பின் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என்று லீக் ஆட்டங்களுக்கு அலைந்திருக்கிறேன். நங்கநல்லூரைக் கால்பந்து ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரும் ராஜராஜேஸ்வரியும் அப்பளக் கடைகளும்தான் எங்கள் அடையாளம். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட சொல்லிலிருந்தே தொடரும் பழக்கம் எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் உண்டு. கால்பந்து வடசென்னையில் இருந்தது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சந்துக்குச் சந்து பந்து உருளும். நாங்கள் தெற்கிலிருந்து அதைத் தேடிக்கொண்டு போகிறவர்கள்.

நங்கநல்லூர் ரோடு மெட்ரோ நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு நேராகப் போகும் பாதை திறந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. முன்பு இரண்டு ரயில் மாறிப் போன மைதானத்துக்கு இப்போது ஒரே வண்டி. அந்த வசதி வந்த முதல் மாதத்திலேயே அணி அந்த மைதானத்தில் இல்லை. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு நீல ஜெர்சி, ஒரு பெரிய நீலக் கொடி. எங்கள் மூட்டை அவ்வளவுதான்.

நவஜீவன் காலையில் கிளம்பி, கிருஷ்ணா நதியை மாலையில் கடந்து, மறுநாள் பொழுதோடு அகமதாபாத் போய்ச் சேரும் வண்டி. எதிர் இருக்கையில் சூரத்துக்குச் சேலை எடுக்கப் போகிற ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். கொடியைப் பார்த்து எந்தக் கட்சி என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. நாடாளுமன்றத் தேர்தல் தேதி முந்தைய நாள்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. கால்பந்து என்று சொன்னதும் சற்று நேரம் எங்களையே பார்த்தார்.

“மேட்ச் பாக்கவா தம்பி இவ்ளோ தூரம்? ஃபோன்லயே பாக்கலாமே.”

“பாக்கலாம் அண்ணே. ஆனா அங்க கத்துறதுக்கு ஆள் வேணுமே” என்றான் அக்கா மகன்.

அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஆள் வேண்டும் என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படித் தலையாட்டினார். பிறகு அவருக்கு நாங்கள் கதை முழுவதையும் சொன்னோம். சொல்லச் சொல்லத்தான் அந்த ஒரு வருடம் எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு பள்ளத்துக்கு இறங்கியது என்பது எனக்கே உறைத்தது.

2018 மார்ச் 13. நேரு அரங்கில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் லெக். ஜெஜே லால்பெக்லுவா இரண்டு கோல், நடுவில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் தலையால் முட்டிப் போட்ட ஒரு கோல். 3-0. அன்று கேலரியின் சிமெண்டு அதிர்ந்ததைக் காலில் உணர்ந்தேன். நாலு நாள் கழித்துப் பெங்களூருவில் பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கினோம். அடுத்த பருவத்தில் அதே அணி, அதே பயிற்சியாளர் ஜான் கிரகரி, 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டு வெற்றி. 9 புள்ளிகளோடு பத்தாவது இடம். பத்து அணிகள்தான் மொத்தமே. தனபால் கணேஷ் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஆடவில்லை. முந்தைய பருவத்தில் 9 கோல் அடித்த ஜெஜேயின் காலுக்குப் பந்து வருவதும் நின்றுபோயிற்று, வந்த பந்து வலைக்குள் போவதும் நின்றுபோயிற்று. சாம்பியனாக இருந்ததற்கான பரிசு கைக்கு வரும்போது நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் ரயிலேறியதற்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 9ஆம் தேதி, சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை வாங்கியிருந்தது. சென்னையின் பெயரைத் தாங்கிய அணி கோவையில் ஆடி நாட்டின் சாம்பியன். சென்னையில் ஆடவேண்டிய நாங்கள் அகமதாபாத்தில். தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இது நல்ல வாரமா கெட்ட வாரமா என்று வாரங்கல் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நல்ல வாரம்தான் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விடிந்தபோது மகாராஷ்டிரம். பூசாவலுக்குப் பின் வாழைத் தோட்டங்கள் மைல் கணக்கில் வந்தன. ஜள்காவ் வாழை. எங்கள் பக்கத்து வாழையைவிடக் குட்டை, குலை தரையைத் தொடுகிற மாதிரி. நந்துர்பார் நெருங்கும்போது ரயிலின் வலது பக்கம் திடீரென்று சிவந்தது. திடல் திடலாக மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். நாலைந்து கால்பந்து மைதானம் சேர்ந்தாற்போன்ற பரப்பு, முழுக்கச் சிவப்பு. ஜன்னல் வழியே நெடி வந்து பெட்டியே இருமியது. ஜவுளிக்கடைக்காரர் சூரத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, “ஜெயிச்சா சொல்லுங்க, நம்பர் வெச்சுக்கங்க” என்றார்.

அகமதாபாத்தில் இறங்கிய மாலை மார்ச் 12. 1930இல் காந்தி சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாள். அதையொட்டி அன்று காங்கிரஸ் செயற்குழு அந்நகரில் கூடியிருந்தது. 58 ஆண்டுகளுக்குப் பிறகு குஜராத்தில் கூடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். சாலையெல்லாம் கொடி. எங்கள் கொடியை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஆசிரமத்துக்குப் போய்ச் சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பகலிலேயே மணிநகர் திரும்பிவிட்டோம். ஆட்டநாளில் எனக்கு வேறு எதிலும் மனம் நிற்காது.

மணிநகரில் அறை எடுத்ததற்குக் காரணம் மைதானம் பக்கம் என்பதுதான். ஆனால் அந்தப் பேட்டைக்கு எங்களோடு வேறொரு உறவு இருந்தது. அகமதாபாத்தைக் கிழக்கின் மான்செஸ்டர் என்பார்கள். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். இரண்டுக்கும் பெயர் கொடுத்த ஊரை என் அக்கா மகன் வயதுப் பிள்ளைகள் பஞ்சாலைக்காக அல்ல, இரண்டு கால்பந்து அணிகளுக்காக அறிவார்கள். அகமதாபாத்தின் ஆலைகளுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் மணிநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தங்கி வேர்விட்டன. ஆலைகள் 1980களிலும் அதற்குப் பின்னும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோதும் அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. அங்கே தமிழ்வழிப் பள்ளிக்கூடம்கூட நடந்துகொண்டிருந்தது. காலையில் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டியில் இட்லி வேகும் வாசனை வந்தது. வண்டிக்காரம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்த ஊரு?” என்றார். நங்கநல்லூர் என்றதும் ஆஞ்சநேயர் கோயிலைச் சொன்னார். சாம்பாரில் லேசாக வெல்லம் இருந்தது. குஜராத்தில் ஐம்பது வருடம் கொதித்த சாம்பார் வேறு எப்படி இருக்கும்? ஆட்டத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவைத்தோம். அவர் தன் தெருவில் சொல்லியிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

மைதானம் காங்கரியா ஏரிக்குப் பக்கத்தில். ஏரி 1451இல் சுல்தான் குத்புதீன் அகமது ஷா காலத்தில் முடிக்கப்பட்டது. நடுவில் நகினா வாடி என்ற தோட்டத் தீவு, கரையைச் சுற்றி அடல் எக்ஸ்பிரஸ் என்ற குழந்தைகள் ரயில். ஆட்டத்துக்கு முன் ஒரு சுற்று நடந்தோம். டிரான்ஸ்ஸ்டேடியா அரங்கம் வெளியிலிருந்து பார்க்க ஒரு வணிக வளாகம்போல இருக்கும். உள்ளே 20,000 இருக்கைகள். ஒரு பக்கத்து இருக்கைகளை மடித்து உள்ளிழுத்து உள்ளரங்கமாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. 2016 கபடி உலகக்கோப்பை அங்கேதான் நடந்தது. தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் அந்தக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தவர். ஆக, அந்தக் கூரையின்கீழ் தமிழன் ஒருவன் கோப்பை தூக்கியது ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆட்டத்துக்கு முன்னால் ரசிகன் மனம் இப்படித்தான் சகுனம் தேடும்.

உள்ளே போனதும் முதலில் அடித்தது அமைதி. பருவம் முழுக்கத் தோற்றாலும் சென்னையில் பி ஸ்டாண்டில் முரசு நிற்காது. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்ற ரசிகர் குழுக்கள் ஆளுக்கொரு பக்கம் பாட்டெடுக்க, தோற்கும் ஆட்டத்திலும் காது அடைக்கும். இங்கே விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிந்தன, புல் பளபளவென்று வெட்டப்பட்டிருந்தது, இருக்கைகள் பெரும்பாலும் காலி. ஆட்டக்காரர்கள் பந்தை உதைக்கும் ஓசை ஒவ்வொன்றும் கேட்டது. அக்கா மகன் கொடியை முன்வரிசைக் கம்பியில் கட்டினான். கட்டி முடித்துவிட்டுத் திரும்பி மேலே பார்த்தான். எத்தனை பேர் என்று எண்ணப் போகிறான் என்று நினைத்தேன். எண்ணவில்லை.

அந்தக் காலி இருக்கைகள் எனக்குப் பழைய கோப்பைகளை நினைவூட்டின. இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பை 1871இல் தொடங்கியது. அதன் ஆரம்பச் சுற்றுகளில், பெரிய அணிகள் வருவதற்கு வெகு முன்னால், சிற்றூர் அணிகள் நூறு இருநூறு பேர் முன்னிலையில் ஆடும். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நம் நாட்டின் டூராண்ட் கோப்பை 1888இல் பிறந்தது. குன்னூர் வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணி அதை 1955இலும் 1958இலும் வென்றது. இறுதியாட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் எங்கோ ஒரு காலி மைதானத்தில் நடந்த முதல் சுற்று ஆட்டம் இல்லாமல் அந்த இறுதி இல்லை. அதைப் பார்க்க யாராவது இருந்திருப்பார்கள். அன்று அந்த யாராவது நாங்கள்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில் பின்னாலிருந்து தமிழ் கேட்டது. வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, எழுபது வயதுக்கு மேலிருக்கும் பெரியவர். கையில் ஒன்பது பத்து வயதுப் பேத்தி. அவர்களுக்குப் பின்னால் மணிநகர்த் தெருவிலிருந்து வந்த ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். இட்லி வண்டிக்காரம்மா சொல்லி வந்தவர்கள்.

“மெட்ராஸ் டீமு வந்திருக்குன்னாங்க தம்பி. நம்ம ஊரு டீமு. அதான் வந்தோம்.”

திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் வந்து ஆலையில் சேர்ந்தவர், ஆலை மூடியபின் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். தமிழ் அப்படியே திருப்பத்தூர்த் தமிழ், நடுநடுவே குஜராத்தி. பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தார்.

“இந்த டீமுல தமிழ்ப் பசங்க எத்தினி பேரு?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும். பெஞ்சில் துணைப் பயிற்சியாளர் சபீர் பாஷா இருக்கிறார், இந்தியன் வங்கிக்கு ஆடியவர், நம்ம சென்னைக்காரர் என்று ஆரம்பித்தேன். வியாசர்பாடிப் பையன் ஒருவன் உண்டு, காயம் என்றேன். ஆடுகிறவர்களில் பிரேசில்காரர், மணிப்பூர்ப் பையன்கள், மிசோரம் பையன்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நாங்க மட்டும் இங்க பொறந்தவங்களா? வந்த எடத்துல நல்லா வேல செஞ்சா செரி” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தக் கேள்விக்கு நான் இதுவரை கேட்ட பதில்களில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் தமிழ்ப் பையன்கள் இன்னும் நாலு பேர் அந்தச் சட்டையில் இருந்திருக்கவேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலைப் போட்டவர் தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் அதற்குப்பின் இந்தியா இன்னொரு கோல் போடவில்லை. அப்படி ஒரு வரிசை நமக்கு உண்டு. அது அறுந்துபோகக் கூடாது.

ஆட்டம் தொடங்கியது. முதல் லெக் 0-0 என்பது கேட்கப் பாதுகாப்பாக இருக்கும். உண்மையில் அதுபோல நெஞ்சை அரிக்கும் கணக்கு வேறில்லை. வெளி மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது இருந்தது. நாங்கள் அங்கே போடவில்லை. இங்கே 1-1 என்று முடிந்தால் கொழும்புதான் உள்ளே போகும். அவர்களுக்கு ஒரு கோல் போதும், எங்களுக்கு அதன்பின் இரண்டு வேண்டும். பந்து எங்கள் காலிலேயே இருந்தது. நாங்கள் முன்னேற முன்னேற முதுகுக்குப் பின்னால் இடம் காலியாகிக்கொண்டே போவதை மேலிருந்து பார்க்க முடிந்தது. கொழும்பு அணி நெருக்கமாக நின்று காத்தது, பந்து கிடைத்தால் நீளமாக அடித்துவிட்டு ஓடியது.

காலி மைதானத்தில் ஒரு நன்மை, ஆட்டக்காரர்களின் குரல் கேட்கும். எங்கள் பக்கத்தில் ஆங்கிலம், இந்தி, மிசோ, மணிப்புரி எல்லாம் கலந்து பறந்தன. முதல் பாதி நடுவில், கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: “பின்னால பாரு! பின்னால ஆள்!”

தமிழ். கொழும்பு அணியின் பக்கமிருந்து.

பெரியவர் என் முழங்கையைப் பிடித்தார். இலங்கைக் கால்பந்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மன்னாரும் யாழ்ப்பாணமும் புத்தளமும் பந்து விளையாட்டுக்குப் பேர்போன ஊர்கள், அங்கே தமிழ் பேசும் ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், குஜராத்தில் ஒரு புதன்கிழமை இரவு புல்வெளியிலிருந்து எழுந்த முதல் தமிழ்ச்சொல் எதிரணியிலிருந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவரோ நிலைகொள்ளாமல் தவித்தார். “அவங்களும் நம்மாளுங்கதானே தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப யாருக்குக் கத்துறது?” நீலத்துக்கு என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு கொழும்பு கோல்கீப்பர் நல்லதாக ஒன்றைப் பிடித்தபோதெல்லாம் அவர் கைதட்டியதை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இடைவேளை. 0-0. அக்கா மகன் பேசவில்லை. தயிர்சாதம் தீர்ந்து ஒரு நாள் ஆகிவிட்டது. மணிநகர் ஆட்கள் கொண்டுவந்த தேப்லாவும் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் கைமாறி வந்தன. பேத்தி அதற்குள் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேரில் யார் கோல் போடுவார் என்று அக்கா மகனைக் கேட்டாள். அவன் யோசிக்கவில்லை. “ஜெஜே” என்றான்.

அந்தப் பருவத்தைப் பார்த்த யாரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். அது கணிப்பு இல்லை, பாசம். 2014இல் அணி தொடங்கியதிலிருந்து எங்களோடு இருந்த முன்களக்காரர் அவர். மிசோரத்தின் நாத்தியல் ஊர்க்காரர். கோல் போட்டாலும் போடாவிட்டாலும் முகம் ஒரேமாதிரி இருக்கும். தவறவிட்ட பந்துக்குக் கையை விரித்து யாரையும் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் முன்னால் இதே மார்ச் 13 இரவில் இரண்டு கோல் அடித்தவர். தேதியை அக்கா மகன் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த நாளுக்காகத்தான் பையன் 1800 கிலோமீட்டர் வந்திருக்கிறான்.

இரண்டாம் பாதியில் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. மணிநகர்க் கூட்டம் கத்தக் கற்றுக்கொண்டுவிட்டது. அக்கா மகன் ஒன்று சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இருபதாயிரம் இருக்கைகளில் எங்கள் மூலை மட்டும் ஒரு சின்னப் பெரியமேடாக மாறியிருந்தது. அப்போதுதான் வந்தது. பந்து எங்கிருந்து வந்தது, யார் தட்டிக்கொடுத்தது, எந்தக் காலால் அடித்தார் என்று என்னைக் கேட்டால் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் இருந்தவர் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தோள்களுக்கு நடுவே ஒரு கையளவு இடைவெளியில் வலை உப்புவதை மட்டும் பார்த்தேன். அதற்கு முன்பே அக்கா மகனின் குரல் உடைந்த சத்தம் கேட்டுவிட்டது.

ஜெஜே.

பெரியவர் பேத்தியைத் தூக்கிவிட்டார். எழுபது வயதில் எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது. கடைசி இடத்தில் முடித்த ஒரு பருவத்தில் இழந்த பதின்மூன்று ஆட்டங்களும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போயின.

மீதி நேரம் நீளமாக இருந்தது. கொழும்பு ஒரு கோல் போட்டால் நாங்கள் வெளியே. அவர்கள் விடவில்லை. கடைசிப் பத்து நிமிடம் இரண்டு பக்கத்துத் தமிழும் உரக்கக் கேட்டது, ஒன்று கீழேயிருந்து, ஒன்று மேலேயிருந்து. நடுவர் விசில் ஊதினார். 1-0. குழுச் சுற்றுக்குள் நாங்கள்.

அந்தக் குழுவில் பிறகு 11 புள்ளிகள் எடுத்தோம். 13 எடுத்த டாக்கா அபஹானி மேலே போனது, நாங்கள் இரண்டாமிடத்தோடு நின்றோம். அகமதாபாத்தில் ஆடிய குழு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஜெஜே பிறகு காயத்தோடு போராடி, வேறு அணிக்குப் போய், 2023இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். மணிநகரின் தமிழ்வழிப் பள்ளி பிள்ளைகள் குறைந்துபோனதால் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அதை நடத்தத் தமிழ்நாடு அரசே செலவை ஏற்கும் என்று அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியைப் படித்த காலையில் எனக்கு அந்தப் பேத்தியின் முகம்தான் வந்தது.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது ஏரிக்கரை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அக்கா மகன் கொடியை மடித்துக்கொண்டே ஜவுளிக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டான். பெரியவர் அடுத்த ஆட்டம் ஏப்ரலில்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பேத்தி என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, அவர் பேரைத் தமிழ்ல எப்படி எழுதறது?”

பையில் பேனா இருந்தது. டிக்கெட்டின் பின்பக்கம், விளக்குக் கம்பத்தின் கீழே வைத்து, பெரியதாக எழுதினேன்: ஜெஜே. குனிந்து பார்த்தாள்.

“ரெண்டும் ஒரே எழுத்தா?”

“எழுத்து ஒண்ணுதான். முன்னால இருக்கற கொம்பைப் பாரு. முதல்ல ஒத்தைக் கொம்பு, அடுத்தது ரெட்டைக் கொம்பு. அது நீட்டிச் சொல்றதுக்கு.”

பேனாவை வாங்கிக்கொண்டாள். டிக்கெட்டில் இடமில்லை. இடது உள்ளங்கையை விரித்து, தாத்தா முதுகில் சாய்ந்துகொண்டு, முதல் கொம்பைச் சுழிக்க ஆரம்பித்தாள்.